நம்ம சர்க்கிள்

“நம்ம சர்க்கிள்தானுங்களா தம்பி?”

வீட்டுக்காரர் சென்னியம்மாள் சாதி என்ற சொல்லை வாயில் வரவிடமாட்டார். மரியாதையானவர். அதற்குத்தான் இந்த ஆங்கிலச் சொல்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி வேலை என்றான் வந்தவன். பெயர் தீபக். கூட வந்திருந்த மனைவி கனிஷ்காவுக்கு ஏழாம் மாதம். இருக்கும் வீட்டை இந்த வாரம் காலி செய்தாக வேண்டும். இதுவரை பதினோரு வீடு பார்த்தாயிற்றாம்.

கேள்வி புரியாமல் நின்றான். அல்லது புரிந்துதான் நின்றான்.

“ஏனுங்கண்ணா, நீங்களே கேளுங்க” என்று சென்னியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

நான் மாடியில் குடியிருப்பவன். கீழ்வீட்டுக்கு ஆள் வந்தால் விசாரிக்க என்னைத்தான் கூப்பிடுவார். சாதிக்குள் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், குலதெய்வக் கோயில் எது என்று இரண்டு கேள்வி. எங்கள் பக்கம் அது போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அப்போதுதான் பூஜை முடித்திருந்தேன். நெற்றியில் ஈரத் திருநீறு காயவில்லை.

“எந்தக் கூட்டமுங்க தம்பி?”

அவன் என்னையே பார்த்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு பெயர், ஏதாவது ஒரு கோயில். அந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போல, அவன் சட்டையைப் பின்னால் பிடித்து லேசாக இழுத்தாள்.

“கூட்டமெல்லாம் எங்களுக்குக் கெடையாதுங்க” என்றான்.

வளர்த்தவர்கள் நல்லபடி வளர்த்திருக்கிறார்கள்.

சென்னியம்மாளின் முகம் மாறவே இல்லை. “அட, மறந்தே போச்சுங்க கண்ணு. ஊட்டை எங்க கொழுந்தனாருக்குச் சொல்லிப்போட்டேன். அம்மணி, வெயில்ல வந்திருக்கறே, மோர் குடிச்சுப்போட்டுப் போ.”

கனிஷ்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். குனிய முடியவில்லை. நான் காலால் நகர்த்தி அவளருகே விட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தீபக் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான்.

“என்ன தம்பி, அண்ணனையே பாக்கறீங்க? முன்னமே தெரியுமுங்களா?” சென்னியம்மாளின் குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

நான் மாடிப்படிப் பக்கம் திரும்பினேன்.

“இல்லீங்க. எங்க பெரியப்பா சாடையில இருக்காரு, அதான் பாத்தேன்” என்றான். “அவரு செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சுங்க.”

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் பின்னால் ஒருக்களித்து, வயிற்றை ஒரு கையால் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

இந்த மாடிக்கு நான் குடிவந்து பன்னிரண்டு வருடங்கள். அன்று என்னிடமும் அதே இரண்டு கேள்விதான் கேட்டார்கள். மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன்.

அப்போது என் தம்பி மகனுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை.