ஒருமுறை தட்டினால் ஆமாம்

கோபாலசாமியின் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அதன் முதுகில் கறுப்புப் பட்டுத்துணி கட்டியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க கோபாலசாமி படாத பாடு பட்டார்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் அவர் வேலை பார்க்கும் செராமிக்ஸ் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் பென்டன் வீட்டு ஹால் அது. பென்டனின் மனைவிக்கு விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து மேல் பைத்தியம். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பொழுதுபோகாமல் செய்ததையெல்லாம் மாதத்துக்கு ஒன்றாக எடுத்து, கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டுச் செய்து பார்ப்பார்.

ஒரு மாதம் எல்லோரும் கடல்பாசி பொறுக்கி ஆல்பத்தில் ஒட்டினார்கள். போன மாதம் மேடம் ஒவ்வொருவர் மண்டையையும் தடவிப் பார்த்துக் குணம் சொன்னார். கோபாலசாமிக்குக் கிடைத்தது, 'கள்ளமில்லாத மண்டை' என்ற பட்டம்.

இந்த மாதம் ஆவி. வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விரல் நுனிகளை அதன் மேல் வைக்க வேண்டும். கேட்கிற கேள்விக்கு மேஜை ஒருமுறை தட்டினால் ஆமாம், இரண்டுமுறை தட்டினால் இல்லை.

"மார்ச்சில் அப்பாவைப் பறிகொடுத்தாயே கோபால், உனக்காகத்தான் இந்த ஏற்பாடு," என்றார் மேடம் ஆங்கிலத்தில். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

வேண்டாம் என்ற சொல் கோபாலசாமியின் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. மாதக் கடைசியோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. புதுத் தாள் பென்டனின் கையெழுத்துக்காக மூன்று வாரமாகக் காத்திருக்கிறது. அது விழாவிட்டால் விசா கேன்சல்; பத்தாவது படிக்கும் மகள் ஸ்வாதியின் படிப்பு நடுவருஷத்தில் அந்தரத்தில் நிற்கும். உட்கார்ந்தார்.

ஸ்டோர்ஸ் கௌஸ் முகம்மது மட்டும் உட்காரவில்லை. "நமக்கு இதெல்லாம் ஆகாது சார். நான் பிரியாணிக்குக் காவல் இருக்கேன்," என்று நழுவிவிட்டார்.

கோபாலசாமிக்கு இடப்பக்கம் மனைவி வசந்தகுமாரி. வலப்பக்கம் அவருடைய அசிஸ்டென்ட் ஷ்யாம். அவர் ஊருக்குக் கிளம்பினால் அவர் சீட்டில் உட்காரப்போகிறவன்.

"உங்கப்பா தமிழ்ல தட்டுவாரா, இங்கிலீஷ்லயா சார்?" என்று ஷ்யாம் காதோரம் கேட்டான்.

"சும்மா இருய்யா."

"இல்ல சார், ரொம்ப நாளா கேக்கணும்னு. மார்ச்ல ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களே, மொட்டைகூடப் போடல?"

"அண்ணன் இருக்காருல்ல. எல்லாம் அவர்தான் செஞ்சாரு."

"குடுத்து வெச்சவரு சார் நீங்க. கேட்ட அன்னிக்கே பத்து நாள் லீவு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் கேட்டு, நடையா நடந்தேன். மாஃபி, கெடையாதுன்னுட்டாங்க."

மேடம் உதட்டில் விரல் வைத்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கனத்த திரைகளை இழுத்துவிட்டு இருட்டை உண்டாக்கினார்கள். கோபாலசாமி விரல் நுனிகளை மேஜை மேல் வைத்தார்.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல," என்று முணுமுணுத்தாள் வசந்தகுமாரி.

"கோபாலின் தந்தையே, இந்த அறையில் இருக்கிறீர்களா?"

மேஜை அசையவில்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மேடம் இன்னொருமுறை கேட்டார். ஒன்றும் இல்லை. ஷ்யாம் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"கூப்பிட்டும் வராவிட்டால், பெற்ற பிள்ளை மேல் ஏதோ மனத்தாங்கல் என்பார்கள்," என்றார் மேடம் வருத்தத்தோடு.

பென்டன் நிமிர்ந்து கோபாலசாமியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

டொக்.

மேடம் மூச்சை இழுத்துப் பிடித்தார். "வந்துவிட்டீர்கள்! மகன் மேல் கோபமா?"

டொக். டொக்.

"அவன் இங்கேயே நல்லபடியாக வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா?"

டொக்! மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளர் உருண்டு ஷ்யாமின் மடியில் விழுந்தது.

"அழுங்க. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே, பரவால்ல, அழுதுடுங்க," என்றாள் வசந்தகுமாரி. கோபாலசாமிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். மேடம் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

பென்டன் மாடிக்குப் போய்த் தாளோடு இறங்கி வந்தார். அதே மேஜை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம்.

"உன் அப்பாவே சொன்னபிறகு மறுக்க நான் யார்?" என்று தோளைத் தட்டினார். ஷ்யாம் ஈரப் பேன்ட்டோடு கைகொடுத்தான்.

காரில் ஏறிய பிறகும் கோபாலசாமியின் படபடப்பு அடங்கவில்லை.

"மேஜை தானா ஆடிச்சு, பாத்தியா வசந்தா?"

"தானா ஆடிச்சாம்! என் முட்டி வீங்கிக் கெடக்கு. போற வழியில மருந்துக்கடையில நிறுத்துங்க."

கோபாலசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அப்போது போன் அடித்தது. ஊரிலிருந்து. அவர் கை ஸ்டியரிங்கில் இருந்ததால் வசந்தகுமாரியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கார் முழுக்க ஒரு கரகரத்த குரல் நிரம்பியது.

"டேய் கோபாலு, அப்பா பேசறேன்டா, அடுத்த மாசம் என் சதாபிஷேகத்துக்கு லீவு கேட்டியா இல்லியா?"