வரவேற்பறைப் பாட்டு

“அக்கா, இன்னிக்கும் அதே பாட்டா? என் பெட்டிக்கே மனப்பாடம் ஆயிருக்கும்!”

வரவேற்பறை அக்கா காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள். “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“நெட்லேர்ந்து யார் எதை எடுக்கறாங்கன்னு என் சர்வர் பெட்டி காட்டுமே. பேரு இல்லாத, வெறும் நம்பர் போட்ட பாட்டு. தினமும் காலையில, உங்க மெஷின்லேர்ந்து.”

அலுவலகத்தின் கணினி வலைப்பின்னல் அவர் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் ‘வலைக்காரர்’. இத்தனை வருஷத்தில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

“எப்படியும் சாயங்காலம் பெட்டியை நிறுத்தப் போறேன். வேகமான புது இன்டர்நெட் லைன் வந்தாச்சு.”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “நிறுத்தாதீங்க சார்!”

அவருக்கும் நிறுத்த மனசில்லைதான். ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்றிருந்த காலத்தில் அவர் தம் கையால் பூட்டிய பெட்டி அது. ஒருவர் வெளியே இணையத்திலிருந்து எதை எடுத்தாலும் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே தேடினால், லைனை மறுபடி அலையவிடாமல் உள்ளிருந்தே எடுத்து நீட்டும். அன்று அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதும், அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றதும் நேற்றுப் போலிருந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர், அதே மாடியில் வேலை பார்த்த அவர் மனைவி உட்பட, உலகத்திலேயே இல்லை.

“இனிமே வெளியிலேர்ந்தே எடுத்துக்குங்க அக்கா. லைன் பறக்குது.”

“வெளியில ஏது சார்? பாட்டு போட்டிருந்த தளத்தையே இழுத்து மூடிட்டாங்க. உங்க பெட்டியில மட்டும்தான் இருக்கு.”

“யாரும் தொடாததை அது கழிச்சுக் கட்டிடுமே?”

“பெட்டி வச்ச அன்னிக்கே நீங்கதானே சொன்னீங்க. அதான் விடாம எடுக்கறேன்.”

“அடப்பாவமே! காய்ச்சலோட ஆபீஸ் வந்தது இதுக்குத்தானா? நாங்க ஏதோ நல்ல பேர் வாங்கப் பார்க்கறீங்கன்னு நினைச்சோம். பழைய காதல் ஏதாவது…?”

“போங்க சார், இந்த வயசுல!”

“சரி, அழாதீங்க. ஒரு பிரதி எடுத்துத் தந்துட்டே நிறுத்தறேன். முதல்ல முழுசா இருக்கான்னு பார்க்கறேன்.”

ஒயரைக் காதில் மாட்டினார். திரையில் பாட்டு ஓடியது, காதில் ஒன்றுமில்லை.

“சத்தமே வரலியே?”

“ஒயரை மாட்டிக்கிட்டாலும் சத்தத்தை அடைச்சு வச்சுத்தான் ஓட விடுவேன். ஒரு நாளும் கேட்டதில்ல சார். பாடினவங்க என்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தளத்துல ஏத்தினது. எனக்காகப் பாடினது இல்லையே.” அக்கா தயங்கினாள். “நீங்க தாங்குவீங்களோ மாட்டீங்களோன்னு, சொல்லவும் பயம்…”

முதலிலிருந்து ஓடவிட்டு, ஒலியைத் திறந்தாள்.

“ஏங்க, சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!” என்று காதுக்குள் அதட்டிவிட்டு, அவர் மனைவி பாட ஆரம்பித்தாள்.