பதினைந்து நிமிஷ கம்ப்யூட்டர்

“அது கண்ணைத் திறக்கப் பதினஞ்சு நிமிஷம் ஆகும் மாஸ்டாரே! அதுவரைக்கும் என் அடுப்பங்கரையையே பார்த்துக்கிட்டு உக்காராதீங்க. இந்தாங்க, ஓரம் கருகின பெசரட்டு. நீங்க தின்னலேன்னா மாட்டுக்குத்தான் போடணும்.”

பச்சைப்பயறு தோசைத் தட்டு நங்கென்று மேஜையில் விழுந்தது. மனைவி ஹைமாவதியின் பேச்சில் பத்மநாபம் கூசிப்போனார்.

லிங்கேஸ்வர ராவ் மாஸ்டர் எதிர்ஃபிளாட். விஜயவாடாவில் பாதிப் பேருக்குத் தெலுங்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி போனபின் தனிக்கட்டை. பிறத்தியார் வீட்டில் கை நனைக்க மாட்டார். கல்யாணத்துக்குக்கூட வீட்டில் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். தினமும் எட்டு மணிக்கு இங்கே வருவது, மஸ்கட்டில் இருக்கும் மகளின் மெயிலைக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் படித்து நாலு வரி பதில் தட்ட. அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷரையா மாட்டோடு சேர்ப்பது?

மாஸ்டர் என்னவோ சிரித்தார். “மாட்டுக்கு எதுக்கும்மா சிரமம்? சும்மா உக்கார்ந்திருக்கிற நேரம்தானே?” என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

அவர் போனதும் பத்மநாபம் பொரிந்தார். “ஹைமா, உன் நாக்குக்கு நரம்பே கிடையாதா?”

“காக்க வைக்கிற உங்க கம்ப்யூட்டருக்குத்தான் கிடையாது. அதைக் கேளுங்க.”

“கேக்கறேன். இனிமே அவர் ஒரு நிமிஷம்கூட உன் வாயில விழ வேண்டாம். பார்த்துக்கிட்டே இரு!”

ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க் வந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை, ஒரு புள்ளி சிந்தாமல் அப்படியே புதியதற்கு மாற்றினார் பத்மநாபம். பழையதைக் கழற்றவில்லை. புது லைன் கொடுத்தாலும் பழைய லைனை ஒரு மாசத்துக்கு வெட்டக்கூடாது என்பது தொலைபேசி இலாகாவில் அவர் கற்ற பாடம். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் சும்மாவா?

பொத்தானை அமுக்கினார். இருபது விநாடி! திரை பளிச்சென்று வந்து நின்றது. பத்மநாபம் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார், உட்கார்ந்தார், படித்தார், தட்டினார், நாலே நிமிஷத்தில் எழுந்தார்.

“இருங்க, பெசரட்டு...” என்று கரண்டியோடு ஓடி வந்தாள் ஹைமாவதி.

“வேலைதான் முடிஞ்சிருச்சேம்மா. வரேன்.” போயே போய்விட்டார்.

“எப்படி?” என்று காலரை உயர்த்தினார் பத்மநாபம்.

“ரொம்ப லட்சணம்!” கல்லில் கரண்டி அலறியது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணி. கம்ப்யூட்டர் பழையபடி கறுப்புத் திரையில் முக்கி முனகியது.

“முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்!” சமையலறையிலிருந்து குரல். “உங்க தலையெழுத்து மாஸ்டாரே, காத்திருங்க. இந்தாங்க, கருகினது ரெண்டு.”

பத்மநாபத்துக்கு ரோஷம். அன்று மத்தியானமே முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி மாற்றினார். இருபது விநாடி. சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தார். இருபதே விநாடி.

புதன்கிழமை விடிந்ததும் வழக்கம்போலக் கால்வாய்க்கரையில் நடந்துவிட்டு வந்து பொத்தானை அமுக்கினால், பதினைந்து நிமிஷம்!

மாஸ்டர் மூன்று பெசரட்டு சாப்பிட்டார். செய்தி அதற்குள் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டது. “நீங்க பார்த்துத் தர்றதாச் சொன்ன ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரை நான் கடையிலயே குடுத்துக்கறேன் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று அபார்ட்மென்ட் செயலாளர் சுப்பாராயுடு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பத்மநாபத்துக்கு மானம் கப்பலேறியது.

நாமும் கடையில் கொடுத்துவிட வேண்டியதுதான். கடை நம்பர் சமையலறைக் காலண்டரில் எழுதியிருக்கும். ஹைமாவதி மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்தாள். காலண்டர் தாளைப் புரட்டினார்.

பால்காரன் வராத நாட்களுக்குக் கீழே, ஹைமாவதியின் கோழிக்கிறுக்கல்:

‘அவர் வாக்கிங் போனதும் ஆன் பண்ணு. எஃப் 2-ஐத் தட்டிக்கிட்டே இரு. எந்த டிஸ்க் முதல்ல ஓடணும்னு பட்டியல் வரும். பழசை மேலே ஏத்து. எஃப் 10 அமுக்கினா பதிஞ்சிடும். ஆஃப் பண்ணிடு. ஸ்ரவந்தி போன்ல சொன்னது.’

ஸ்ரவந்தி அவள் தங்கை மகள். ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

பத்மநாபம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டிவி ரிமோட்டையே தலைகீழாகப் பிடிப்பவளா இவள்? மாஸ்டர் வெறும் வயிற்றோடு எழுந்து போன அந்தத் திங்கட்கிழமையும், அலறிய கரண்டியும் ஞாபகம் வந்தன. காலண்டர் தாளை இருந்தபடியே மடித்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

வியாழக்கிழமை எட்டு மணி. திரை இருட்டாகவே இருந்தது.

“என்ன பத்மநாபம், இன்னும் அது வழிக்கு வரலையா?” என்றார் மாஸ்டர்.

“இல்லை மாஸ்டாரே. எனக்கும் அதுக்கும் ராசியில்லை.”

“முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்!” என்றபடி வந்தாள் ஹைமாவதி. “இன்னிக்கும் கருகித் தொலைச்சிருச்சு. வாயில போட்டுக்குங்க, மிச்சமானா மாட்டுக்கு.”

பத்மநாபம் இத்தனை நாளில் முதல்முறையாக அந்தத் தட்டை எட்டிப் பார்த்தார்.

பொன்னிறம். ஓரமெல்லாம் நெய். உள்ளே கொள்ளாமல் பிதுங்கும் உப்புமா. பொட்டுக் கருகல் இல்லை.