தண்ணீர் நிற்காத தெரு

"இந்தத் தெருவுல தண்ணியே நிக்காதுண்ணா. பத்திரம், பட்டா எல்லாம் பக்கா" என்றார் புரோக்கர் தணிகாசலம்.

தன் முதல் வீட்டை வாங்க எர்ணாவூர் வந்திருந்த மனோகரன் வாசல் ஓரத்து மாடிப்படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, படி புடிக்கலியா?"

"இந்தப் படியில ஏற்கெனவே ஏறிகீறேன்."

"எப்போ?"

அவர் மனைவி மங்கை சொன்னாள்: "போன வெள்ளத்துல. நாங்க காசிமேட்டு மீனவங்க. எங்க போட்டை லாரியில ஏத்திகினு வந்தாரு. இதோ, இந்த ஏழாவது படியிலதான் கட்டினாரு. மாடியிலேர்ந்து ஒரு நெறமாசப் பொண்ணத் தூக்கிகினு எறங்கினாரு. மூணு நாளுல நூறு பேருக்கு மேல காப்பாத்தினாரு."

தணிகாசலம் ஏழாவது படியைப் பார்த்தார். அது அவர் மார்பளவு உயரத்தில் இருந்தது. அவருடைய கைகள் தாமாகக் குவிந்தன.

"ஊரே பேசுச்சே, அந்தப் போட்டுக்காரரு நீங்கதானா? உங்ககிட்ட போய்ப் பொய் சொல்லிட்டேனே! வேற ஏரியா காட்டட்டாண்ணா?"

"வேற ஏரியா வோணாம். இங்கேர்ந்து நாலாவது தெரு மொனையில எங்க போட்டு தரை தட்டி நின்னுட்சி. அதுக்கு மேல தண்ணியே இல்ல. எல்லாரையும் அங்கதான் எறக்கி வுட்டேன்" என்றார் மனோகரன். "அந்தத் தெருவுல வூடு எதனா கீதா?"