ஒரு கொக்கி பாக்கி

இந்தத் தெருவில் பன்னிரண்டே வீடுகள். இந்த ஆண்டு மூன்று பெண்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அளவுக்கென்று அவர்கள் கொடுத்திருந்த பழைய ரவிக்கைகள் ஜெசிந்தாவின் தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. அருள்மணி டீச்சருடையதில் இடது தோள் இறங்கியிருக்கும். முப்பது வருடம் நோட்டுப் பை தொங்கிய தோள். பேச்சியம்மாளுடையதில் உள்ளே ஒரு ரகசியப் பை உண்டு, மருமகளுக்குத் தெரியாமல் புகையிலை வைத்துக்கொள்ள. செல்லக்கனிக்கு வலக்கைச் சுற்று மட்டும் அரை இஞ்ச் கூடுதல். இட்லிக் கடைக்கு மாவாட்டிய கை. சாவதற்கு முந்தின வாரம் அவள் மஞ்சள் துணி ஒன்று தைக்கக் கொடுத்திருந்தாள். அதைக் கேட்டு அவள் கணவர் ஞானமுத்து தினமும் சாயங்காலம் வருகிறார்.

“அவ ஜாக்கெட் தச்சாச்சாம்மா?”

தைத்து மூன்று மாதமாகிறது. முதல் நாள் ஜெசிந்தா அதை மடித்து நீட்டியபோது அவர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் ஒரு கொக்கியைப் பிரித்து எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் இதே பதில்தான்.

“ஒரு கொக்கி பாக்கி அண்ணாச்சி. நாளைக்கு வாங்க.”

அவர் முகம் தெளிகிறது.

“சரிம்மா, அவகிட்ட சொல்லிருதேன்.”