உளவின் வகைகள்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு கதை சொல்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

"ரெண்டு போனும் பச்சை" என்றார் தேர்வு வாரியத்து அதிகாரி. மேசைமேல் கிடந்த இரண்டு போன்களையும் தள்ளி வைத்தார். "அப்ப போன் மேல தப்பில்ல. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மேலதான்."

வாசிப்பு அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வித்தாள் அச்சாகிற அச்சகத்தின் உள்ளறை அது. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. அதையும் காவலாளி வெளியே பூட்டியிருந்தான்.

அக்காவின் வேலை, அசல் கேள்வித்தாளைச் சத்தமாக வாசிப்பது. எதிரே உட்கார்ந்திருப்பவள் அச்சுப் பிரதியில் பிழை பார்ப்பாள். சோடாபுட்டி மாட்டியிருப்பதால் அவளுக்குக் கண்ணாடி என்றே பேர் நிலைத்துவிட்டது. வாசிக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் ஈ, காக்கை நுழையாது.

போன் கொண்டு வரலாம். ஆனால் அச்சகம் கொடுத்த ஆப் அதில் இருக்க வேண்டும். வாசலைத் தாண்டியதும் அந்த ஆப் கேமராவையும் மைக்கையும் மூடிவிட்டுப் பச்சை காட்டும். பச்சை தெரியாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். யாரோ கையால் அவசரமாக எழுதியது. "நாளன்னைக்கு வேளாண் அலுவலர் தேர்வு. இது இன்னைக்கே ஊரெல்லாம் சுத்துது. பதினோராவது கேள்வியைப் படிம்மா."

கண்ணாடி தாளை மூக்கருகே பிடித்தாள். "உளவின் வகைகள் யாவை?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயலுக்குப் போறவருக்கு உளவு எதுக்கு சார்?"

"அதையேதான் நானும் கேக்கறேன். அசல்ல என்ன இருக்கு? நீங்க வாசிங்க" என்று அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா அசலை எடுத்தாள். அதில் உழவு என்று கொட்டை எழுத்தில் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"உளவின் வகைகள் யாவை?"

என்ன செய்வாள் பாவம்? பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் நாக்கு அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் மடங்கியதே இல்லை. "அக்கா வாயில மழையே பெய்யாது, மளைதான் பெய்யும்" என்று கண்ணாடி தினமும் கேலி செய்வாள். பழகிய காது, சரியாகத் திருத்திக்கொள்ளும். இன்று கண்ணாடி கேலி செய்யவில்லை.

"பாத்து எழுதினவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்" என்றார் அதிகாரி. "இது உங்க குரலைக் கேட்டு எழுதினது. அந்தக் குரல் எப்படி வெளிய போச்சு?" அவர் பார்வை கண்ணாடியிடம் போய் நின்றது. "ரெக்கார்டர் ஏதாவது வச்சிருந்தியாம்மா?"

"சார், சத்தியமா இல்ல சார்!"

"போலீஸ் வந்துட்டிருக்கு. பத்து நிமிஷம் இருக்கு. யோசிங்க."

அவர் போனதும் கதவு மறுபடி பூட்டிக்கொண்டது. கண்ணாடி முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். "கைக்குழந்தையை விட்டுட்டு வந்திருக்கேன்க்கா. என்னைக் கொண்டு போயிட்டா அது யாரைத் தேடும்?"

அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் காதருகே குனிந்தாள்.

"அளாதடி. என் போன்தான் சரியில்ல. பளைய போனு, ஆப் ஏறவே மாட்டேன்னுது. ஆப் இல்லாட்டி எனக்கு வேலை இல்ல. எங்க வீட்டுக்காரர் போன் ரிப்பேர் பண்றவராச்சே, நோண்டி நோண்டிப் பாத்துட்டு, போனோட பூட்டை உடைச்சு உள்ள என்னவோ மாத்திக் குடுத்தாரு. அதுலேர்ந்து பச்சை காட்டுது. மைக்கை மூடுதா இல்லையா, எனக்குத் தெரியாது."

கண்ணாடி நிமிர்ந்தாள். "அப்ப அந்த ஓட்டை வழியா எவனோ பூந்துட்டான்க்கா!"

"அப்படித்தான் இருக்கும். ஆனா வெளிய சொன்னா முதல்ல அவரைத்தானே புடிப்பாங்க? எனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு செஞ்ச மனுசன். இந்தத் திருட்டெல்லாம் அவருக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கா?"

வாயைத் திறந்தால் புருஷன் மாட்டுவான், மூடினால் இந்தப் பெண் மாட்டுவாள். நாலு சுவரும் கிட்ட கிட்ட நகர்ந்து வருவது போலிருந்தது. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போ, அதிகாரியைக் கூப்பிடு. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

கண்ணாடி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "சார்! சார்!"

அந்த நேரம் பார்த்து மேசைமேல் அக்காவின் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர்தான். பாவம், மனுசனைப் பயமுறுத்தக் கூடாது என்று அக்கா குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க கொஞ்சம் வேலை இளுத்துடுச்சு, வர நேரமாகும். வேற ஒண்ணுமில்ல..."

மறுமுனையில் அவர் குரல் தணிந்து வந்தது.

"கண்ணாடி அழுதா அழட்டும், நீ வாயைத் திறக்காதே."

நல்லா இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் என்றைக்கும் உங்கள் எதிரே உட்கார்ந்தே கேட்கட்டும்.