மூணு கட்சி, ஒரு தொண்டை

மார்க்கெட் முக்குல மூணு பிரசார ஆட்டோவும் ஒண்ணுக்கொண்ணு வழிவிடாம மாட்டிக்கிட்டு நின்னுது.

முத ஆட்டோ முழங்கிச்சு: "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! வற்றாத தாமிரபரணித் தண்ணீரை உங்கள் இல்லந்தோறும் கொண்டுவந்து சேர்ப்பவர் எங்கள் வேட்பாளரே!"

அடுத்தது கூப்பிட்டுச்சு: "ஏ அண்ணாச்சி! ஏ மைனி! ஓடை நாத்தத்துல மூக்கப் பொத்திக்கிட்டு இன்னும் எத்தன நாளு நடக்கப் போறிய? எங்க ஆளுக்கு ஒரு ஓட்டக் குத்துங்க!"

மூணாவது கொஞ்சிச்சு: "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! நம்ம ஊருக்கு ஒரு சேஞ்ச் வேணாமா? யோசிச்சு வோட் பண்ணுங்க, ப்ளீஸ்!"

மூணும் விளம்பரம் பேசிப் பதிவு பண்ணிக் குடுக்குத கோமு குரல்தான்.

மார்க்கெட்டே சிரிச்சுது. போன தேர்தல்ல இதே முக்குல ஆட்டோவும் ஆட்டோவும் மைக்குல வைதுக்கிட்டு, கடைசில மண்டை உடைஞ்சுது. அதுக்காவ இந்தத் தடவ காவலுக்கு நிறுத்துன போலீஸ்காரரே தொப்பியக் கழத்திக்கிட்டுச் சிரிச்சார்.

"தாஜ் அண்ணாச்சி, உங்க கட்சிக்குப் பேசுத புள்ளதான் எதிர்க்கட்சிக்கும் பேசுது. கேட்டியளா?"ன்னு பூக்கார இசக்கியம்மா வேற சீண்டிவிட்டா.

தாஜ் முகம்மதுக்குச் சுருக்குன்னுச்சு. முத ஆட்டோ அவரு கட்சி. கோமு பதிவு பண்ணுத அறையும் அவரு கட்டடத்து மாடிலதான் இருக்கு. விறுவிறுன்னு ஏறிட்டார்.

எதிரொலி கேக்காம இருக்கச் சுவத்துல ஒட்டுன ஸ்பாஞ்சு பேந்து வந்தத, பசை போட்டு ஒட்டிக்கிட்டிருந்தா கோமு.

"ஏம்மா, நீ வச்சிருக்கது நாக்கா, பம்பரமா?"

"வந்ததும் வராததுமா ஏசுதிய. மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி, ஃபேனப் போடுதேன்."

"ஒண்ணும் போட வேண்டாம். எங்களுக்குச் செந்தமிழு, சுடலைராஜ் கட்சிக்கு ஊருப் பேச்சு, இன்னொருத்தனுக்கு டிவிக்காரி பேச்சு. கூச்சமா இல்ல உனக்கு?"

"அவிய அவிய கேட்டதப் பேசுதேன். துணிக்கடை தள்ளுபடிக்கும் நான்தான பேசுதேன்? அப்ப ஒண்ணும் சொல்லலியே!"

"துணிக்கடையும் கட்சியும் ஒண்ணா? அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், ஒரு பக்கம் நில்லு. இல்லன்னா தேர்தல் முடிஞ்ச கையோட ரூமக் காலி பண்ணிரு."

கோமுவுக்கு முகம் சுண்டிப்போச்சு. புருசன் இல்லாதவ. இந்த அறையும் இந்தத் தொண்டையும்தான் அவளுக்குச் சோறு போடுது. கண்ணு கலங்கிட்டு.

"அப்படிச் சொல்லாதீய அண்ணாச்சி. மைக்கத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போவேன்?"

அதுக்குள்ள போன் அடிச்சுது. கையெல்லாம் பசை. சுண்டு விரலால தட்டி ஸ்பீக்கர்ல போட்டா.

"யக்கா, சுடலைராஜ் பேசுதேன். நான் சொன்னதுல ஒரு வரிய ஏன் விட்டிய?"

"எந்த வரியலே?"

"அதான்க்கா, மேலத்தெருக்காரங்க ஜெயிச்சா நம்மள ஊருக்குள்ளயே நடமாட விடமாட்டாங்கன்னு சொல்லச் சொன்னம்லா?"

மேலத்தெரு, தாஜ் முகம்மது தெரு. உக்கார மாட்டேன்னவரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

கோமு அவரு பக்கம் திரும்பவே இல்ல.

"ஏலே சுடல, பேசணும்னா பேசிருதேன். எனக்கென்ன? ஆனா எதிர்க்கட்சிலயும் உங்க தெருவப் பத்தி ஒரு வரி சொல்லிருக்காங்க. நீ சொன்ன வரிய வண்டில ஏத்துனா, அடுத்த நிமிசம் அதையும் ஏத்துவேன். அவங்களையும் இதச் சொல்லித்தான் நிப்பாட்டிருக்கேன். எது வசதின்னு நீயே சொல்லு."



"எங்களப் பத்தி என்னக்கா சொல்லிருக்கான்?"

"அது எதுக்கு உனக்கு? ஓடையப் பத்தியே பேசுவமா?"

"செரிக்கா... ஓடையே இருக்கட்டும்."

போன் கட் ஆச்சு. தாஜ் முகம்மது குரல் பைய எறங்கிட்டு.

"இதுக்குத்தான் மூணு பேரையும் கையில வச்சிருக்கியாம்மா?"

"ஒரு கட்சிக்குப் பேசிட்டு நான் சும்மா இருந்துக்கிடலாம் அண்ணாச்சி. மத்தவங்க வள்ளியூர்லயோ நாங்குநேரிலயோ போயி, எவன்ட்டயாவது கண்டதையும் பேசி வாங்கிட்டு வந்துருவாங்க. பேசுதவனுக்கு என்ன, அவன் நம்ம ஊர்லயா குடியிருக்கான்? மூணு பேரும் என்ட்டயே வரணும்னா, மூணு விதமாப் பேசித்தான ஆவணும்?"

தாஜ் முகம்மதுக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு.

"நீ நல்லா இருப்பம்மா! நான் ஒரு கூறுகெட்டவன், என்னத்தையோ பேசிட்டேன். ரூமப் பத்தி நீ இனிமே கவலப்படாத."

"அது போதும் அண்ணாச்சி."

"இருந்தாலும் பாரேன்! நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கண்டாமா? இப்படியா வெசத்தக் கக்குவான் அந்தச் சுடலைராஜ்?"

"அதான் கக்கலியே, விடுங்க."

"எப்படி விட? எங்க கட்சிலயும் ஒருத்தன் அப்படிச் சொல்லிருக்கான்லா, எந்தப் பய அவன்? பேரச் சொல்லு. நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்!"

கோமு பசைக் கையத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா.

"வேற யாரு? வாப்பா இப்படிச் சொல்லச் சொன்னாகன்னு உங்க மவன் ஆரிப்புதான் வந்து சொல்லிட்டுப் போனான் அண்ணாச்சி!"